பதினேழாவது கம்பம்

ஏழு பனிக்காலம் சனிக்கிழமைகளைத் தொலைத்தேன். கலிஃபோர்னியாவில் எங்கள் ஊரான டப்ளினிலிருந்து தாஹோ மலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் ஒன்பது மணிப் பயிற்சிக்குப் போய்ச் சேர முடியும். பாதி வழியில், பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டும். பனியில் மண்டி போட்டு அதை மாட்டுவது நான்தான். வீட்டுக்காரருக்கு வாரக்கடைசியில் ஆன்-கால், ஆபீஸ் எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும். எனக்கு மட்டும் என்ன, ஆயுசுக்கும் ஆன்-காலா என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மகளுக்குப் பனிச்சறுக்குப் பந்தயப் பைத்தியம். ஒன்பது வயதில் பள்ளித் தோழியின் பிறந்தநாளுக்காக மலைக்குப் போனவள், திரும்பி வரும்போதே சாம்பியன் ஆகப் போவதாகச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷத்தில் சலித்துவிடும் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருவர், "ஏம்மா, பேசாம பரதநாட்டியத்துல சேர்த்திருக்கலாம்ல? சான் ரமோன்லயே கிளாஸ் இருக்கு, பத்து நிமிஷம் டிரைவ் பண்ணா போதும்" என்பார். சிரித்து வைப்பேன். இந்த அம்மா சொல்வதுதானே சரி என்று உள்ளே எரிச்சலாக வரும்.

அவளுடைய கிளப்பில் ஒரு வழக்கம். பந்தயத்தன்று பெற்றோர் வேலை செய்தாக வேண்டும். சிலர் சூப் சுட வைப்பார்கள், சிலர் சரிவைச் செப்பனிடுவார்கள். எனக்குப் பெரும்பாலும் கேட் ஜட்ஜ் வேலை வரும். சரிவு நெடுகக் கம்பங்களை நட்டிருப்பார்கள். சறுக்கி வருகிற பிள்ளையின் இரண்டு காலும் கம்பத்துக்குச் சரியான பக்கமாகப் போக வேண்டும். ஒரு கால் மறுபக்கம் போனாலும் ஆட்டம் குளோஸ். அதைப் பார்த்து எழுத, நாலைந்து கம்பங்களுக்கு ஓர் ஆள் அட்டையும் பென்சிலுமாக ஓரத்தில் நிற்க வேண்டும். காலையிலேயே படித்துப் படித்துச் சொல்வார்கள்: கண்ணால் தெளிவாகப் பார்த்தால் மட்டும் எழுது, சந்தேகம் இருந்தால் பிள்ளைக்குச் சாதகமாக விட்டுவிடு.

மகளுக்குப் பதினாறு வயதில் அந்தப் பந்தயம் வந்தது. முதல் பத்துப் பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். அவளுடைய வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வாய்ப்பு. இவள் கட்டாயம் வந்துவிடுவாள் என்று பயிற்சியாளர் அடித்துச் சொல்லியிருந்தார். வந்துவிட்டால்? கோடையிலும் பனியைத் தேடிப் பயணம், இன்னும் நாலு வருஷம் இதே சங்கிலி, இதே முழங்கால். "நல்லா பண்ணு கண்ணு" என்று புளிசாதத்தை டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். நாலு வருஷமா, போதும்டா சாமி என்று மனசு சொன்னது.

அன்றைக்குப் பனி கொட்டியது. பாதிப் பெற்றோர் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளை ஓடும்போது பெற்றோரை ஜட்ஜாக நிறுத்துவதில்லை, ஆனால் ஆள் இல்லாததால் என்னையே நிற்கச் சொல்லிவிட்டார்கள். என் பொறுப்பில் பதினாலிலிருந்து பதினேழு வரையிலான கம்பங்கள்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டாவது ஓட்டத்தில் மகள் வந்தாள். அப்படி ஒரு வேகத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. பதினேழாவது கம்பத்தில் அவள் முழங்கால் இடித்தது, பனித்தூள் புகையாக எழுந்தது. இடது காலின் முனை மறுபக்கம் போன மாதிரி இருந்தது. மாதிரிதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் கீழே போய்விட்டாள். மூன்றாம் இடம் என்று ஒலிபெருக்கி கத்தியது, எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

தெளிவாகப் பார்த்தாயா என்று என்னையே கேட்டேன். பதில் வருவதற்கு முன்பே கை அவளுடைய எண்ணை எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறியும் போட்டுவிட்டது. சொந்தப் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லையே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அட, வெட்கங்கெட்ட மனசே!

கீழே இறங்குவதற்குள் தகுதி இழந்தவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். பயிற்சியாளர் ஓடி வந்தார். ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நிமிஷம் இருக்கிறது, இந்தப் பனியில் யாருக்குத்தான் கண் தெரியும், நடுவர்கள் நிச்சயம் பிள்ளை பக்கம்தான் பேசுவார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார். மகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, டிட் யூ ஸீ இட்?"

தெரியலைடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பார்த்தேன் கண்ணு."

அவள் பயிற்சியாளரிடம் திரும்பி, "நோ ப்ரொடெஸ்ட். இஃப் மை மாம் ஸேஸ் ஐ மிஸ்ட் இட், ஐ மிஸ்ட் இட்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எனக்குத்தான் ஆறுதல் சொல்வது போல முதுகைத் தட்டித் தட்டி அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை எட்டு மணி வரை தூங்கினேன். எழுந்து வந்தபோது அவள் சமையலறையில் தனியாக உட்கார்ந்து கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஸ்லீப் மோர், அம்மா. யூ லுக் ஸோ டயர்ட்" என்றாள்.