வடக்கே தலை

மனுரேவா என்ற வெளிநாட்டுப் புறநகரைத் தாண்டி ஒரு சிறிய விமானத் திடல். அங்கே தனியார் விமானக் கொட்டகை ஒன்றில் இரண்டு நாள் தங்க வந்திருக்கிறேன். சொந்தக்காரர் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரர். தன் குட்டி விமானத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். வரைபடமும் அவரே போட்டதாம்.

அறைக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. கதவுகள் இரண்டு. ஒன்று விமானம் நிற்கும் பக்கம் திறக்கிறது. வெளியே போவதற்கான மற்றதைக் கட்டிலின் தலைமாடு அடைத்துக்கொண்டிருக்கிறது.

"தீப்பிடிச்சா எப்படிங்க வெளிய போறது?"

"அப்பிடி ஒண்டும் நடவாது தம்பி. கட்டிலை அங்கால போட்டா வடக்க தலை வைக்க வேணும். ஆர் படுக்கிறது?"

"கட்டடப் பரிசோதகர் பார்த்தாரா?"

"ஓம் ஓம். வந்து பார்த்து, எல்லாம் சரியெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அந்த 'ஓம்' கொஞ்சம் வேகமாக வருகிறது. தரையைப் பார்க்கிறேன். கட்டில் கால்களிலிருந்து வடக்குச் சுவர்வரை நீளமாக வளைந்த கீறல்கள்.

"கட்டில நகர்த்துவீங்களா?"

"இல்லையே! போட்ட இடத்திலதான் கிடக்குது."

சாவியை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்புகிறார்.

அவர் கார் மறைந்ததும் கட்டிலைத் தள்ளுகிறேன். கால்கள் பழைய கீறல்களின் மேலேயே வளைந்து நகர, தலைமாடு வடக்குச் சுவரில் போய் முட்டுகிறது. அங்கே, தலைமாடு படும் இடத்தில், பெயிண்ட் ஏற்கெனவே உரிந்திருக்கிறது. பரிசோதகர் வந்த அன்று கட்டில் எங்கே கிடந்தது என்று இனி நான் கேட்க வேண்டியதில்லை.

வெளிக்கதவைத் திறந்து பார்க்கிறேன். திறக்கிறது. ஊரில் மனைவிக்குத் தெரிந்தால் திட்டுவாள். தெரியவேண்டாம். இரண்டு நாளும் எனக்கு வடக்கேதான் தலை.