தெருக் கோழிகளுக்கெல்லாம் ஊசி

கல்யாணமாகிக் காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊருக்கு வாழவந்தபோது, இண்டூரிலிருந்த அம்மா ஒரு சேவலையும் நான்கு பெட்டைகளையும் கூடையில் வைத்து பஸ் ஏற்றிவிட்டாள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தவை அவைதான். மறு வருஷம் கோடையில் ஒரே வாரத்தில் அத்தனையும் செத்தன.

வெள்ளைக் கழிச்சல். முதல் நாள் ஒரு பெட்டை தீவனத்தைத் தொடாமல் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு விழுந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து உருட்டி மற்றவற்றின் வாயில் ஊட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. தெரு முழுக்க அதே கதை.

"வருசா வருசம் வர்றதுதான். போனது போவட்டும், அழுவாத" என்றார் மாமியார்.

நான் அழவில்லை. செத்த கோழிகளை வேலி ஓரம் வீசாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். கூட்டை வெயிலில் காயவைத்து, உள்ளே சாம்பல் பூசினேன். மழைக்காலம் வரை வெறுங்கூடாகவே கிடந்தது. பிறகு அம்மாவிடம் கேட்டுப் புதிதாகக் கோழிகள் கொண்டுவந்தேன். இந்த முறை சும்மா விடுவதில்லை என்ற முடிவோடு ஒரு சந்தை நாளில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த கம்பவுண்டர் பொறுமையாகத்தான் பேசினார்.

"கழிச்சல் வந்தப்புறம் மருந்து கெடையாதும்மா. வர்றதுக்கு முந்தி ஊசி போடணும். ஆனா ஒரு குப்பிய ஒடச்சா நூறு கோழிக்குப் போடலாம். ஒடச்ச கொஞ்ச நேரத்துல தீத்துடணும். உங்க அஞ்சு கோழிக்காக ஒடச்சா மிச்சமெல்லாம் வீணுங்க."

"நூறு கோழி சேத்தா நீங்க ஊருக்கு வருவீங்களா?"

அவர் சிரித்தார். "சேத்துட்டு வந்து சொல்லுங்க. ஐஸ் போட்ட பிளாஸ்குல எடுத்துக்கிட்டு வர்றேன்."

ஊருக்குப் புதிதாக வந்த மருமகள் வீடு வீடாகப் போய் நிற்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிரத் தடுக்கவில்லை. என் கணவர், "நடக்கற காரியமா பாரு" என்று மட்டும் சொன்னார்.

முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே தையல்கார பாயின் மனைவி நிறையக் கோழிகள் வைத்திருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் அந்தக் கோடையில் கூடு காலியாகியிருந்தது; தெருவில் மற்றவர்களைப் போல மழைக்குப் பின் மறுபடி சேர்த்திருந்தார். சொல்லி முடிப்பதற்குள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வா, நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

போன இடமெல்லாம் ஒவ்வொரு காரணம். ஊசி போட்டால் கறி கசக்கும் என்றார் ஒருவர். எல்லாக் கோழியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் யாருடையது யாருக்குப் போகுமோ என்று பலர் பயந்தார்கள். அதற்கு அக்காதான் வழி கண்டார். பாயின் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளை எடுத்துவந்து, வீட்டுக்கு ஒரு நிறமாகக் கோழிக் காலில் கட்டிவிட்டோம். எங்களுக்கு மஞ்சள், அவர்களுக்கு ஊதா. துணி கட்டின பிறகு பாதித் தெரு இறங்கிவந்தது.

எதிர் வீட்டம்மா மட்டும் அசையவில்லை. "ஊசி போட்டா முட்ட வைக்காது. என் கோழிய நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்றார். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை கதவைத் திறக்கவே இல்லை.

கம்பவுண்டர் வருவதாகச் சொன்ன நாளன்று யாரும் விடிந்ததும் கூட்டைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். திறந்துவிட்ட கோழியைப் பிடிக்க ஊரே ஓட வேண்டும். மரத்தில் அடையும் கோழிகளைக் கேழ்வரகு தூவி இறக்கிக் கூடையால் கவிழ்த்தோம். எங்கள் நாய் அந்தக் களேபரத்தில் தானும் ஒரு சேவலைத் துரத்தியது. நாயை மாட்டுக்கொட்டகையில் கட்டினேன்.

கம்பவுண்டர் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். நான் இறக்கையை விரித்துப் பிடிக்க, அவர் அடியில் தோலைத் தூக்கி ஊசி போட்டார். என் முழங்கையெல்லாம் நகக்கீறல். முழுசாக நூறு சேர்ந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரும் எண்ணவில்லை. "குஞ்சுக்குப் போடக்கூடாதும்மா. வளந்தப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அவற்றை ஒதுக்கிவிட்டார்.

அவருக்குக் களி கிண்டி முட்டைக் குழம்பு வைத்தேன். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது விறகை இழுத்துவிட்டு, முட்டையை ஒவ்வொன்றாகக் கரண்டியில் உடைத்து ஓரமாக இறக்க வேண்டும். வெள்ளை இறுகும்வரை கிளறவே கூடாது. முட்டைகள் முழுசு முழுசாக நின்றன. அவர் இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சில நாட்கள் கோழிகள் முட்டை வைப்பது நிஜமாகவே குறைந்தது. எதிர் வீட்டம்மா குழாயடியில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "நான் சொன்னேனில்ல?" இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். ஒரு பழைய பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து மாலையில் கவிழ்த்துவைத்தால் காலையில் கறையான் நிறைந்திருக்கும். அதைத் தின்று கோழிகள் தேறின. முட்டையும் பழையபடி வந்தது.

கோடையில் கழிச்சலும் வந்தது. கடைசியாகப் பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவை போயின. குஞ்சுகளைப் பெரிய கோழிகளிடமிருந்து பிரித்து வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் காலில் துணி கட்டிய கோழிகள், ஒன்றிரண்டு தவிர, நின்றன. எதிர் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மழைக்குப் பின் ஒரு நாள் எதிர் வீட்டம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அடை வெக்க முட்ட இருக்குதா உன்கிட்ட?"

"இருக்குதுங்க. அடைக்கோழியும் ஒண்ணு இருக்குது. கூடையில மணல் போட்டு, வேப்பந்தழை பரப்பி வெச்சுத் தர்றேன், பேன் புடிக்காது. ஆனா குஞ்சு வளந்ததும் ஊசி போடணும்."

வாசலில் மேய்ந்த எங்கள் கோழிகளின் காலில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு, "எனக்குச் செவப்புத் துணி கட்டு. மத்தது வேணாம்" என்றார்.

முட்டையும் அடைக்கோழியும் வைத்த கூடையை நானே தூக்கிக்கொண்டு அவர் பின்னால் தெருவைக் கடந்தேன்.