கூட்டம் வராத படம் மோசமான படமா?

டிக்கெட் கவுண்டரில் ஒரு விசித்திரம் உண்டு: நாம் பார்க்காத படத்துக்கும் நம்மிடம்தான் விமர்சனம் கேட்பார்கள், பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னாலோ ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அநியாயம் நடந்தது ‘இரும்புச் சிறகு’ என்கிற படத்துக்கு. பறக்கும் பெண் ஒருத்தியின் கதை. தமிழில் பேசவைத்த வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படம். நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், நல்ல படம். எங்கள் ஊரில் முதல் வாரம் கூட்டம் வரவில்லை, அவ்வளவுதான். ‘ஓடல’ என்ற சொல் ஒரே நாளில் ‘மோசம்’ என்று ஆகிவிட்டது. ‘சூப்பர் ஹீரோ படமெல்லாம் இப்போ குப்பை’ என்று போனுக்குப் போன் தாவியது. சொன்னவர்கள் யாரும் படம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் டிக்கெட் கொடுத்த எனக்குத் தெரியாதா?

நான் விருதுநகரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். படிப்பதற்காக விட்ட ஸ்டடி லீவில், சிவகாசி ரோட்டில் ஒரு தியேட்டரில் கவுண்டர் வேலை பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்ப்பேச்சு கேட்ட பாவப்பட்ட ஜென்மங்களே, மீதியைக் கேளுங்கள்.

தனியாகப் பார்க்க மாட்டார்

சனிக்கிழமை மதியம். வேட்டியை மடித்துக்கட்டிய ஒருவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், “கூட்டம் இருக்கா தாயி?”

“கூட்டம் இல்லைங்க. படம் நல்லாருக்கும், நம்பிப் போங்க” என்றேன். கதை சொன்னேன், சண்டைக்காட்சி சொன்னேன், நாயகி முதல்முறை பறக்கத் தெரியாமல் விழுகிற இடத்தைக்கூடச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பணத்தைச் சட்டைப்பையில் வைத்தார்.

“நீ சொன்னதே படம் பாத்த மாதிரி இருக்கு. ஆளில்லாத கொட்டகையில நான் ஒருத்தன் உக்காந்து யாரப் பாத்துச் சிரிக்க?”

ஒழுகாத கூரை

போன வருஷமும் இதே வேலைதான் பார்த்தேன். அப்போதும் ஒரு சூப்பர் ஹீரோ படம் வந்தது. கதையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது; நாயகன் மூன்று மணி நேரம் முறைத்துக்கொண்டே இருந்தான். ஆனால் நான்கு நாள் ஹவுஸ்ஃபுல்! எப்படி? நான்கு நாளும் அடைமழை. எங்கள் பக்கத்தில் மழை வந்தால் பட்டாசு மருந்து காயாது. இடி மின்னல் என்றால் மருந்தறையில் ஆளே இருக்கக்கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி லீவு விட்டுவிடுவார்கள். லீவு விட்ட சனம் எங்கே போகும்? தியேட்டருக்குத்தான்.

படம் விட்டு வந்த ஒரு பெரியவரிடம், “படம் எப்படி தாத்தா?” என்று கேட்டேன்.

“வீடு ஒழுகுது தாயி. இங்கன ஒழுகல. அருமையான படம்.”

கார்த்திகைப் பட்டாசு

எங்கள் தியேட்டர் முதலாளி அண்ணாச்சிக்குப் பட்டாசுக் கடையும் உண்டு. இந்த வருஷம் அவர், “வெள்ளிக்கிழமை படத்தத் தூக்கிரலாம்மா. ஓடல, மோசமான படம்” என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

“அண்ணாச்சி, இது சீசன். தீபாவளி ஆர்டர் முடிக்க ஞாயித்துக்கிழமைகூட வேலைக்குப் போறாக. படம் பாக்க ஆளுக்கு நேரம் எங்க இருக்கு? உங்க கடைப் பட்டாசு ஐப்பசியில பறக்கு, கார்த்திகையில ஒருத்தரும் சீண்ட மாட்டேங்காக. கார்த்திகையில பட்டாசு கெட்டுப்போச்சா? அதே திரி, அதே மருந்துதான?”

வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அண்ணாச்சி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“விக்காத பட்டாசு நமுத்துப்போகும்மா. படமும் அப்படித்தான். வெள்ளிக்கிழம தூக்கியாச்சு.”

புதுப்பட்டியிலிருந்து போன்

முத்துமாரி அக்கா எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர். அவரும் உடன் வேலை பார்க்கும் பெண்களும் சேர்ந்துதான் படத்துக்கு வருவார்கள். பறக்கிற பொம்பளை படம் என்றதும் அத்தனை பேருக்கும் ஆசை. லீவுதான் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் போனில் கேட்டார், “ஏ பாப்பா, படம் இருக்கா, போயிருச்சா?”

“நாளைக்கு மட்டுந்தாங்க்கா” என்றேன். ஒரு படத்தைக் குப்பை என்று ஒதுக்குவது யாருக்கு நஷ்டம் பாருங்கள்! பார்க்க ஆசைப்பட்டவர்கள் வேலையில் இருக்கும்போதே படம் ‘தோற்று’ப் போய்விடுகிறது.

அக்கா பெருமூச்சு விட்டார். “நாங்க வாரதுக்குள்ள அவ பறந்துருவா போல.”

வியாழக்கிழமை

காலை ஒன்பது மணிக்கே சாத்தூர் பக்கம் வானம் கருத்தது. பத்து மணிக்கு இடி! கவுண்டர் தகரம் தடதடவென்று அதிர்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். பத்தரைக்கு முதல் வேன். அப்புறம் லோடு ஆட்டோ, இன்னொரு வேன். வேலைக்குப் போன இடத்தில் லீவு விட்டதால் தூக்குச்சட்டியோடு அப்படியே வந்திருந்தார்கள். முன்னால் நனைந்த முந்தானையோடு முத்துமாரி அக்கா! நான் கிழித்த அவசரத்தில் டிக்கெட்டெல்லாம் கோணல்மாணல்.

கவுண்டரைச் சாத்திவிட்டு உள்ளே ஓடி வாசலோரம் நின்றேன். தொழிற்சாலை தீப்பிடிக்கிற காட்சி. வில்லன் கண் முன்னால் தப்பிக்கிறான். நாயகி அவனை விரட்டவில்லை. கதவுகளை உடைத்து உள்ளே சிக்கியவர்களை வெளியே தள்ளுகிறாள். மூன்று நாளுக்கு முன் அந்த இடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டதைப் பார்த்திருந்தேன். இன்றைக்குப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இடைவேளையில் அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “ஒத்துக்கிடுதேன்மா, நல்ல படந்தான். கூட்டத்தப் பாத்தியா? இன்னொரு வாரம் ஓட்டுவோம்.”

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லையே! “இல்ல அண்ணாச்சி, அதுவும் தப்பு! இது மழைக்கு வந்த கூட்டம். கூட்டம் வரலேன்னா மோசமும் இல்ல, வந்துட்டா நல்லதும் இல்ல.”

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “பின்ன நல்ல படம்னு எதை வச்சித்தான் கண்டுபிடிக்க?”

“பாத்தவகளக் கேளுங்க.”

இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் கேட்டதில்லை. படம் விட்டதும், சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த முத்துமாரி அக்காவிடம் தயங்கித் தயங்கி, “படம் எப்படித்தா?” என்று கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. “வில்லன அப்புறம் பாத்துக்கிடலாம்னு விட்டுட்டு, மொதல்ல உள்ள கெடக்குற ஆளுகள எண்ணி எண்ணி வெளியேத்துனா பாருங்க அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு எங்க கம்பெனியில போர்மேன் வேலையே குடுக்கலாம்.”

வெள்ளிக்கிழமை சுள்ளென்று வெயிலடித்தது, ஏழே பேர் வந்தார்கள், படம் முந்தின நாள் மாதிரியே நல்ல படமாக ஓடியது.