பைக்குள் போன பலகை

எங்கள் மாநாட்டு மண்டபத்தில் அவரைப் பலகை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒவ்வொரு மேஜையிலும் நாட்டின் பெயர்ப் பலகையை வைப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ரகம். "மூணு தடவை பார்க்காம நீ மூச்சுகூட விடமாட்டே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வாராம்.

மேஜையில் படுத்திருக்கும் பலகையை நிமிர்த்தி வைத்தால்தான் ஒரு நாடு பேசலாம். மைக் திறந்துவிடும் எனக்கும் அதுதான் சட்டம். யாரும் நிமிர்த்தாவிட்டால் தலைவர் சுத்தியலைத் தட்டுவார். எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம்.

அன்று பருவநிலை ஒப்பந்தத்தின் கடைசி நாள். கடல் ஏறிவரும் நாடுகளுக்கான உதவியை ஐந்து வருடம் தள்ளிப்போடும் பத்தி ஒப்புதலுக்கு வந்தது. ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி அம்மா இன்னொரு கூட்டத்திலிருந்து ஓடிவந்தார். அவர்கள் மொத்தமே இரண்டு பேர். எந்த அறைக்கென்று போவார்கள்? மேஜையில் பலகை இல்லை. கையைத் தூக்கினார். தலைவர் பலகைகளைத்தான் பார்த்தார். எனக்கு அந்தக் கை தெரிந்தது. மைக் கொடுத்தால் என் சீட்டு கிழிந்துவிடும் என்று பொத்தானைத் தொடவில்லை. சுத்தியல் விழுந்தது.

பின்வரிசையில் அக்கா தலைவலி மாத்திரைக்காகப் பையைத் துழாவினார். கை அப்படியே நின்றது. சாப்பாட்டு இடைவேளையில் கால் உடைந்த பலகை ஒன்றை ஒட்டியவர், பசை காயட்டும் என்று துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து மறந்துவிட்டார். ஊழியர்கள் மண்டபத்தில் வாய் திறக்கக் கூடாது. நானாக இருந்தால் சத்தமில்லாமல் மேஜையில் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

அக்கா எழுந்து பலகையைத் தலைக்குமேல் தூக்கினார்.

"தப்பு என்னோடது. அவங்க பலகை என் பையில இருந்துச்சு. அவங்க கை தூக்கினாங்க."

முடிந்ததைத் திறக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றார் தலைவர். ஒரு பலகை நிமிர்ந்தாலும் போச்சு. அக்கா வரிசை வரிசையாகப் பார்த்தார். பணக்கார நாடு ஒன்றின் பிரதிநிதி பலகைவரை கையைக் கொண்டுபோய், என்ன நினைத்தாரோ, பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அக்கா மூன்றாம் முறை பார்த்துக்கொண்டிருந்தபோது சுத்தியல் விழுந்தது. பத்தி மறுபடி திறந்தது.

அதிகாரி வந்து, நாளை முதல் வரவேண்டாம் என்று அவர் காதில் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டுப் பலகையை மேஜையில் நிமிர்த்தி வைத்தார். பசை காயாததால் சாய்ந்தது. நான் மைக்கைத் திறந்தேன். பிரதிநிதி அம்மா பேசி முடிக்கும்வரை அக்கா அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.