பட்டாம்பூச்சிப் படத்துக்கு வெச்ச மஞ்சள்

ரெண்டு நாளா அவ எனக்கு மூஞ்சி குடுத்தே பேசலடி. எதிர்வூட்டுக்காரி நீ, உங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது? என் மருமவளதான் சொல்றேன். வானூர் பக்கம் ஒரு அம்மா படம் வரைஞ்சி அச்சுப் போடுறாங்க இல்ல, அங்கதான நம்ம திண்டிவனத்துலேருந்து பஸ் ஏறி வேலைக்குப் போறா.

அன்னிக்கு இருவத்தஞ்சு படத்த வூட்டுக்கு எடுத்தாந்தா, மெலிசுக் காயிதம் வெச்சிச் சுத்துறதுக்கு. இருவத்தஞ்சும் ஒரே படம். தையல் மிஷின் மேல பட்டாம்பூச்சி ஒண்ணு உக்காந்துகினு இருக்குது, தொட்டா பறந்துரும் போல. அதுக்கு விடுதலைன்னு அர்த்தமாம், வாங்குறவங்க சொல்றாங்களாம். எங்கம்மா அப்படிச் சொல்லாது. வூட்டுக்குள்ள பட்டாம்பூச்சி வந்தா செத்தவங்க நம்மளப் பாக்க வந்திருக்காங்கன்னுதான் சொல்லும். எங்க வூட்டுக்காரரு பதினாறாம் நாளு காரியத்துல ஒண்ணு வந்து ஃபேன்கிட்ட சுத்துச்சி. ஓடிப்போய் ஃபேன நிறுத்திட்டேன். வந்த சனமெல்லாம் வேர்த்துக்கினே சாப்புட்டுச்சி.

எங்க வுட்டேன்? ஆங், படம் போட்ட காயிதம். கல்யாணப் பத்திரிகை தோத்துடும், அவ்ளோ கனம். சுத்தி வெள்ளை வெளேர்னு இருக்குது, ஒரு மூலையிலகூட மஞ்சள் இல்ல. மஞ்சள் இல்லாம வாசப்படி தாண்டுறது கருமாதிப் பத்திரிகை ஒண்ணுதான? அவ குளிக்கப் போயிருந்தா. மஞ்சளக் கொழச்சி ஒண்ணுத்துக்கு நாலு மூலையும் வெச்சிட்டேன். ரெண்டாவத எடுக்குறதுக்குள்ள வந்துட்டா.

அப்படியே தரையில உக்காந்துட்டா. உலகத்துக்கே இருவத்தஞ்சுதானாம். ஒவ்வொண்ணுலயும் அந்தம்மா பென்சில்ல நம்பர் போட்டு கையெழுத்து வெச்சிருக்காங்களாம். இனிமே யாரும் எடுக்கக் கூடாதுன்னு அச்சுத் தகட்டையே குறுக்கால கீறிட்டாங்களாம். நல்ல தகட்ட யாராச்சும் கீறுவாங்களா, நீயே சொல்லு. மருமவ ஒண்ணுதான் சொன்னா. "என் வேலை போச்சு அத்தை."

மறுநாளு நானும் கூடவே பஸ் ஏறினேன். தப்பு பண்ணது நானு, அவ எதுக்குத் திட்டு வாங்கணும்? அந்தம்மா படத்த டேபிள் மேல விரிச்சி, ஏன் பாட்டி வெச்சீங்கன்னு கேட்டாங்க. பத்திரிகை சமாச்சாரத்தச் சொன்னேன். படத்துல இருந்த மிஷினக் காட்டுனாங்க.

"இது எங்கம்மா தெச்ச மிஷினு பாட்டி. அவங்க போய் ஒரு வருஷம் ஆவுது."

நாக்கக் கடிச்சிக்கினேன். செத்தவங்க படத்துக்குப் போயி நல்ல காரியத்து மஞ்சள வெச்சிட்டேனே. ஆனா வாய் சும்மா இருக்குதா?

"போனவங்கன்னு வெக்கலம்மா. பட்டாம்பூச்சியா வூடு தேடி வந்திருக்காங்க. வந்தவங்களுக்கு மஞ்சள் வெக்காம எப்பிடி அனுப்புறது?"

அந்தம்மா மூலையில இருந்த மஞ்சள வெரலால தொட்டுப் பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம் மருமவகிட்ட, இத விக்க முடியாது, இருவத்தி நாலுன்னு எழுதிக்கோ, இனிமே வூட்டுக்கு மட்டும் எடுத்துப் போவாத, நாளைக்கு சீக்கிரம் வான்னாங்க. நாளைக்கு வான்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்துச்சி. மஞ்சள் வெச்சத என் கையில குடுத்துட்டாங்க.

தோ பாரு, ஃப்ரிஜ்ஜுக்கு மேல. அவ இன்னும் பேசல. ஆனா ஆணி அடிச்சி மாட்டுனது அவதான். கொஞ்சம் கிட்ட வந்து பாரேன், அந்த ரெக்கையில ஒரு கோடு, தையல் போட்டாப்புலயே...

அய்ய, தூறல் போடுதுடி. மாடியில மல்லாட்டை காயுது, கடலையெல்லாம் நனைஞ்சிடும். அந்தத் தார்ப்பாய எடுத்துக்கினு வா, ஜல்தி.