சோபாக் கடையில் நின்றவள்

சோபாக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு உட்கார இடமில்லாமல் தவித்த ஒரே பெண் பில் அக்காவாகத்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் அங்கே பில் போட வந்தவள். வாசலருகே ஒரு மேசை, அதன்மேல் பெரிய கம்ப்யூட்டர், முன்னால் பஞ்சு பிதுங்கிய நாற்காலி. அந்தக் கம்ப்யூட்டர் கண் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடிக்கலாம். அது கிடக்கட்டும். மேசைக்கடியில் சூடாக உறுமும் அதன் பெட்டியை ஒட்டிக் காலை நீட்டிவிட்டால், ஏ.சி. குளிரில் விண்விண்ணென்று தெறிக்கும் முழங்கால் வாயை மூடிக்கொள்ளும்.

புது மேனேஜர் வந்தார். எதற்கெடுத்தாலும் "ஒரு டச் போதும்" என்பார். கடையே அவருக்கு டச் சார் என்று பெயர் வைத்துவிட்டது. ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் திணித்தார். வாங்க வருகிறவர் எந்தக் கட்டிலருகே நிற்கிறாரோ, அங்கேயே பில். மறுநாளே மேசையும் கம்ப்யூட்டரும் குடோனுக்குப் போயின. பின்னாலேயே நாற்காலியும் போனது.

"சார், நாற்காலி மட்டும் இருக்கட்டுமே. கால் வீங்குது."

"எதுக்குக்கா? கடையே இப்ப உங்க கையில இருக்கு. நடங்க, உடம்புக்கு நல்லது. சரக்கு மேல மட்டும் யாரும் உக்காரக் கூடாது."

பக்கத்திலிருந்த சேல்ஸ்மேன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். வலியையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் விழுங்க முடியவில்லை.

வீட்டில் அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது பஸ் ஓட்டும் கணவர்.

"நாள் பூரா உக்காந்து எனக்கு முதுகு போச்சு, தெரியுமா?"

"உக்காந்தே ஊர் சுத்துறவரு பேசாதீங்க. அந்தாளை நிம்மதியா படுக்க விடமாட்டேன், பாருங்க."

சும்மா சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் டச் சார் மாடிக்குப் போய், அலமாரிகளுக்குப் பின்னாலிருக்கும் கட்டிலில் கட்டையை நீட்டுவது கடைக்கே தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது. அவசரக்காரர் வேறு, தன்னுடையதையும் சேர்த்து எல்லா டேப்லெட்டையும் ஒரே கணக்கில் இணைத்து வைத்திருந்தார். ஒரு முறை சோபா இடுக்கில் ஒன்று தொலைந்தபோது அவரேதான் பாடம் எடுத்தார்: இன்னொன்றில் 'தேடு' என்று அழுத்தினால், தொலைந்ததன் சத்தத்தை அடைத்து வைத்திருந்தாலும் அது அலறும்.

ஒத்தடம் கொடுத்த மறுநாள் மதியம் அவர் அசந்திருக்கும் நேரம் பார்த்து அழுத்தினாள். மாடியில் ஊளை. கண் சிவக்க இறங்கி வந்தார்.

"யாரு என்னுதைத் தேடினது?"

"ஐயோ சார், உங்களுதா? என்னுதைத் தேடினேன், விரல் மாறிடுச்சு. ஒரு டச்தானே!"

அதோடு விட்டிருந்தால் அவள் பில் அக்காவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து நின்றார். "எங்கம்மா மேனேஜர்?"

"மாடியிலதான் இருக்காரு, முதலாளி. வாங்க, தேடித் தரேன்."

கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அலமாரிகளருகே போனதும் அழுத்தினாள். போர்வைக்குள்ளிருந்து ஊளை கிளம்பியது. ஷூ காலோடு டச் சார் துள்ளி எழுந்தார்; கன்னத்தில் தலையணையின் விலைச்சீட்டு.

"சரக்கு மேல படுக்கலாம்னு எவன்யா சொன்னான்?" என்றார் முதலாளி.

டேப்லெட் அலறிக்கொண்டே இருந்தது. பில் அக்கா அதை நிறுத்த அவசரப்படவில்லை. மேனேஜர் முகம் கறுத்து, பிறகு வெளுக்கும்வரை கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"முதலாளி, எனக்கு ஒரு நாற்காலி வேணும். நின்னு நின்னு கால் போச்சு. சாரே எடுத்துத் தரட்டும்."

"எடுத்துக் குடுய்யா!"

அவள் கீழே வந்து நிற்க, டச் சார் மாடியிலிருந்து ஒரு நாற்காலியைச் சுமந்து இறங்கினார். உட்கார்ந்து பார்த்தாள். "கை இடிக்குது சார்." அடுத்தது வந்தது. "முதுகுக்கு எட்டல." அதற்கடுத்தது சுழலும் நாற்காலி. ஒரு சுற்றுச் சுற்றினாள். "தலை கிர்ருங்குது."

சட்டை நனைந்து, மூச்சு இரைக்க நின்றவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க சார், மெதுவா. குடிச்சிட்டு, மேல அந்த நீலக் கலர் இருக்குல்ல, அதையும் ஒரு தடவை கொண்டாங்க."