ஜபீன் டீச்சரின் நூறு சதவீதம்

கவரைப்பேட்டையில் ஜபீனை டீச்சர் என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். அரசாங்கம் அவளுக்கு வைத்த பெயர் தன்னார்வலர். சம்பளம் கிடையாது என்பதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தை அது. சாயங்காலமானால் ஊராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாமலேயே வளர்ந்துவிட்ட பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பாள்.

பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். காலேஜ் பேச்சு வருவதற்குள் நிக்காஹ் பேச்சு வந்துவிட்டது. கணவர் சஹாபுதீன் கெட்டவர் இல்லை. கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிகளுக்குக் கையுறை, பூட்ஸ், கயிறு விற்கும் கடை வைத்திருந்தார். மகள்களைக் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆனபோதுதான், பள்ளித் தலைமையாசிரியர் இந்த வேலைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றாள். காசு வராத வேலைக்கு இத்தனை ஆர்வமா என்று சஹாபுதீன் கிண்டல் செய்தார். செய்துவிட்டுப் போகட்டும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி நாளைத் தள்ளினாள்.

சடையப்பனும் அவர் மனைவி தேசம்மாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். அவர் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் கான்ட்ராக்ட் கூலி. உலை வாயில் பழைய இரும்பைத் தள்ளுகிற வேலை. தேசம்மாவுக்குப் படிப்பு சட்டென்று பிடிபட்டது. ரயிலடிக்கு நடந்தால் வழியிலுள்ள கடைப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவாள். சடையப்பன் கதை வேறு. ஷிப்ட் முடிந்து வந்து உட்காருவார், புத்தகத்தைத் திறப்பார், தூங்கிவிடுவார். நெருப்பில் வெந்து வந்த மனிதரை எழுப்ப ஜபீனுக்கு மனசு வராது.

அவர் படிக்க வந்ததற்குக் காரணம் அவருடைய கண்கள். உலை வெளிச்சத்தில் அவை பழுத்துப் போயிருந்தன. அதே ஆலையில் கழிவுநீர் சுத்திகரிக்கிற பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. நிழலில் நின்று செய்கிற வேலை. ஆனால் அங்கே எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்கத் தெரிந்தவனைத்தான் வைக்கவேண்டும் என்று புது விதி வந்திருந்தது. கான்ட்ராக்டர் ஆதிநாராயணன், எழுத்தறிவுச் சான்றிதழைக் கொண்டுவா, வேலையை எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டார்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நம் ஒன்றியம் நூறு சதவீதம் காட்டவேண்டும், ஒருவரும் தவறக் கூடாது என்று மேலே இருந்து ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். எப்படி என்று அவர்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மேற்பார்வைக்கு வந்தவர் கைபேசியில் மூழ்கிவிட்டார். சடையப்பன் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். அதோடு பெஞ்சில் தலை சாய்ந்துவிட்டது.

ஜபீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எழுத்து கோணலாக விழும், புதிதாகக் கற்றவர் எழுதிய மாதிரி இருக்கும். முழுத் தாளையும் எழுதி முடித்தாள். கை கூசவில்லை. ஒரு மனிதரை நெருப்பிலிருந்து நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டோம் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

சான்றிதழ் வந்ததும் சடையப்பன் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வகுப்புக்கு வந்தார்.

"நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் டீச்சரு. எப்டி பாஸானேன்?"

"தூக்கத்துலயே எழுதிட்டீங்கண்ணே," என்றாள் ஜபீன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. பாஸானவருக்கு வகுப்பெதற்கு?

ஐப்பசி மழையில், அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில், கழிவுத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் இறங்கச் சொன்னார். சடையப்பன் இறங்கினார். உள்ளே தங்கியிருந்த விஷவாயு அவரைக் கூப்பாடு போடக்கூட விடவில்லை.

ஆதிநாராயணன் கையைக் கழுவுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டி வாயில் சிவப்பு எழுத்தில் பலகை இருக்கிறது, விஷவாயு உண்டு, அனுமதி இல்லாமல் இறங்காதே என்று தமிழில்தான் எழுதியிருக்கிறது என்றார். இறங்கச் சொன்ன சூப்பர்வைசர், நான் சொல்லவே இல்லை என்று சாதித்தார். செத்துப்போனவர் படிக்கத் தெரிந்தவர், இதோ சான்றிதழின் ஜெராக்ஸ், படித்துப் பார்த்துவிட்டுத் திமிராக இறங்கினால் நாங்கள் என்ன செய்வது என்று பேச்சு போயிற்று. வேண்டுமானால் ஈமச்செலவு தருகிறோம் என்றார்கள். அந்தப் பெருந்தன்மையை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

யூனியன்காரர் அன்புராஜ் தேசம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார். கோர்ட்டுக்குப் போனால் இழப்பீடு கிடைக்கத்தான் செய்யும். ஆனால் இந்தச் சாவைப் பற்றி அரசு அதிகாரி நடத்தப்போகிற விசாரணையின் அறிக்கையில் தப்பு அவர் மேல் என்று ஏறிவிட்டால், அதைக் காட்டியே வருஷக்கணக்கில் இழுத்தடிப்பார்கள்.

மறுநாள் தேசம்மா ஜபீன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சரு, ஊட்டுல ஒரு காலண்டர் தாளக்கூட அவரு படிச்சி நான் பாத்ததில்ல. அந்த போர்ட படிச்சிருப்பாரா?"

தேசம்மா குற்றம் சாட்ட வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜபீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவரைத் தேர்வில் தவறவிட்டிருந்தால் அவர் உலையடியில் கண் அவிந்துபோய் நின்றிருப்பார். ஆனால் நின்றிருப்பார். இந்த ஒரு நினைப்பு அவளைச் சோறு தின்ன விடவில்லை.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் வெளிறிப்போனார். வாயைத் திறந்தால் உன்னிடம் படித்த அத்தனை பேர் சான்றிதழும் போகும், வகுப்பும் போகும், எனக்கு மெமோ வரும் என்றார். சஹாபுதீன், ஆதிநாராயணன் நம் கடை வாடிக்கை என்பதை ஞாபகப்படுத்தினார். இருவரும் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

விசாரணை நாளில் ஜபீன் எழுந்து நின்று, அந்தத் தாளை நான்தான் எழுதினேன், அவருக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னாள். யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள் என்று ஆதிநாராயணன் பாய்ந்தார். விசாரணை அதிகாரி பள்ளியிலிருந்து விடைத்தாளை வரவழைத்து, அவளிடம் ஒரு பேனாவைக் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் ஜபீன் இடது கையால் எழுதிக் காட்டினாள். அப்போது கை கூசியது. அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

தேசம்மா அழவில்லை, ஜபீன் பக்கம் திரும்பவும் இல்லை.

படிக்கத் தெரியாதவரைப் பலகை காப்பாற்றாது என்று ஆனதும், இறங்கச் சொன்னது யார் என்ற கேள்வி சூப்பர்வைசர் பக்கம் திரும்பியது. ஆதிநாராயணன் இறங்கிவந்தார், சமரசத்துக்குச் சம்மதித்தார். இந்தப் பக்கம் தலைமையாசிரியர் சொன்னபடியே நடந்தது. அந்த மையத்தில் தேறிய எல்லோருடைய சான்றிதழும் ரத்து. நேர்மையாக எழுதித் தேறிய கிரேஸ் என்ற பெண், ஜபீனைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வகுப்பறைச் சாவியை ஆள் வந்து வாங்கிப் போனான். நூறு சதவீதம் கேட்டவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற அன்று, துணைக்கு வரும்படி தேசம்மாவே ஆள் அனுப்பியிருந்தாள். ஜபீன் போனாள். கிளார்க் பத்திரத்தை மேஜையில் விரித்தார். அன்புராஜ் உரக்கப் படித்தார். அவர் வாசிப்பதற்கு முன்னாலேயே தேசம்மாவின் கண்கள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்ததை ஜபீன் மட்டும் கவனித்தாள். கிளார்க் பேனாவை நீட்டினார்.

"எனக்கு எய்த வராது சார். ரேகதான்," என்றாள் தேசம்மா.

ஜபீன் திடுக்கிட்டு, நீங்கதான் நல்லா எழுதுவீங்களே என்று அவள் காதோரம் கேட்டாள். தேசம்மா குரலை ஏற்றாமல் பதில் சொன்னாள்.

"எனுக்கு படிக்கத் தெரியும்னு இவங்க கையில ஒரு காயிதம் இருந்தா, நாளிக்கி அதையே தூக்கி எங்கிட்ட காட்டுவாங்க டீச்சரு. அவருக்குக் காட்டல? நான் கைநாட்டாவே இருந்துட்டுப் போறேன்."

கிளார்க் மைப்பெட்டியைத் திறந்து அவள் கட்டைவிரலை உருட்டி எடுத்தார். ரேகைக்குச் சாட்சி வேண்டும் என்றார். மேற்படியார் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அதன் கீழே ஒரு வரி எழுதி, டீச்சரே இருக்கீங்களே, நீங்களே போட்டுடுங்க என்று பத்திரத்தை ஜபீன் பக்கம் நகர்த்தினார்.

ஜபீன் தேசம்மாவைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை, விரல் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி காத்திருந்தாள். இத்தனை காலத்தில் தன்னிடம் படித்தவர்களிலேயே நன்றாகப் படித்த ஒருத்திக்கு எழுத்தே தெரியாது என்று ஜபீன் டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.